மூஞ்சைக் கழுவுடே பேராண்டி

ஏல பேராண்டி, இங்க வா. நெத்தியில மட்டும் பூச வேண்டிய திருநீற மூஞ்சி பூரா கொழைச்சு அப்பிட்டியோன்னு பாத்தேன். சன்ஸ்கிரீனாக்கும்! நானும் பயலுக்குப் பக்தி வந்துட்டுன்னு சந்தோசப்பட்டுட்டேன்.

அந்த டப்பாவ இங்க குடு. எஸ்.பி.எஃப். 50. விலை என்ன? அடேயப்பா! இந்தக் கம்பவுண்டர் கெழவன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கப்பிடாதா? கேக்க மாட்டிய. போன்ல ஒரு பிள்ளை சிரிச்சுக்கிட்டே சொன்னா வாங்கிருவிய. 30-ன்னு போட்டதை ஒழுங்காப் பூசினாலே, தோலைப் பொசுக்குத யு.வி.பி. கதிர்ல நூத்துக்கு 97 பங்கு நின்னுபோகும். 50-ன்னா 98. தப்பில்ல, வாங்கு. ஆனா அந்த ஒரு பங்குக்கு ரெண்டு மடங்கு துட்டா?

அந்த நம்பரு யு.வி.ஏ.வைப் பத்தி வாயே தெறக்காது. ஆளைக் கறுக்க வச்சு, தோலச் சுருக்குத கள்ளன் அவன்தான். ஜன்னல் கண்ணாடியத் தாண்டியும் உள்ள வருவான். அதுக்குத்தான் ஜப்பான்காரன் பி.ஏ.ன்னு எழுதி, பக்கத்துல கூட்டல் குறி போட்டான். நாலு வரைக்கும் உண்டு. உன்னதத் திருப்பிப் பாரு. ஒண்ணுகூட இல்லையா? பள்ளிக்கூடத்துலயே உனக்குக் கூட்டல் வராதுல்லா.

உள்ள என்ன மருந்து? டைட்டானியம், ஜிங்க் ஆக்சைடு. இதுல குத்தம் சொல்ல மாட்டேன். வேர்க்குருவுக்கு உனக்குக் காலமைன் தடவிவிட்டேனே, அதுலயும் இந்த ஜிங்க்தான். அதுக்காகக் காலமைனைப் பூசிட்டு வெயில்ல அலையாத! வேற சில சன்ஸ்கிரீன்ல ஆக்சிபென்சோன்னு ஒண்ணு உண்டு. அது ரத்தத்துல போய்ச் சேருதுன்னு 2019-ல அமெரிக்காவுல சோதிச்சுச் சொன்னாவ. சேந்ததாலயே கெடுதின்னு ஆயிராது, இன்னும் ஆராயணும்னும் சொன்னாவ. பவளப்பாறைக்கு ஆகாதுன்னு ஹவாய்த் தீவுல 2021-லேருந்து அதைக் கடையில விக்க விடல. மனசு உறுத்துச்சுன்னா ஜிங்க் போதும். நம்ம நெறத்துக்கு வெள்ளையாத் தெரியும், அம்புட்டுத்தான். கலர் சேத்ததும் வருது. அதுல இருக்க இரும்பு ஆக்சைடு மங்குக்கும் நல்லது. எதுன்னாலும் மொதல்ல முழங்கை உள்பக்கம் தடவி, அரிக்கான்னு பாரு.

இன்னைக்குப் பொண்ணு பாக்கப் போறேன்னு அப்பிட்ட, சரி. சித்திரையில வாங்கின பழைய டியூபு ஆவணியிலயும் பாதி கெடக்கே, எப்பிடி? மூஞ்சிக்கும் கழுத்துக்கும் ரெண்டு விரல் நீளம் பிதுக்கணும். வெயில்ல நின்னா ரெண்டு மணிக்கொருக்கப் பூசணும். நீ கடுகளவு தொட்டுட்டு, டியூபை பைக் பெட்டியில போட்டு வேக வைக்க. அதைத் தூரப் போடு.

ஒரு வாரத்துல செவப்பாக்குதேன்னு மெடிக்கல்ல ஒரு க்ரீம் தருவான், வாங்கிராத. ஸ்டீராய்டு கலந்திருக்கும். தோல் மெலிஞ்சு, வெயில் பட்டாலே எரியும். எத்தனை பேரு அந்த மூஞ்சோட என்கிட்ட வந்திருக்காவ தெரியுமா! பொறந்த பிள்ளைக்கு ஆறு மாசம் வரைக்கும் சன்ஸ்கிரீன் வேண்டாம், நெழல் போதும். ஏம்ல முழிக்க? பொண்ணே இன்னும் பாக்கல, தெரியும். சொல்லி வைக்கேன்.

நாலு மணிக்குத்தான வரச் சொல்லிருக்காவ? மூஞ்சைக் கழுவு. போற வழியில அந்தக் கலர் டியூபு ஒண்ணு வாங்கிட்டு வா. உனக்கில்லடே, உங்க ஆச்சி கன்னத்துல மங்கு விழுந்திருக்கு. பில்லைக் கிழிச்சுப் போட்டுட்டு வா. வெலையப் பாத்தா என்னையில்லா வைவா.