அசேர் என்னும் வினையின் எதிர்காலம்: ஒரு சிற்றாராய்ச்சி

1. வடிவம்

‘செய்’ என்று பொருள்படும் ஸ்பானிய வினை அசேர். எழுதும்போது அதன் முதலில் ‘எச்’ நிற்கும், ஒலிக்காது. செய்தலைக் குறிக்கும் சொல்லுக்கு வேலையே செய்யாத எழுத்து தலைமை தாங்குவதை இலக்கணிகள் பெரிதுபடுத்தியதில்லை.

எதிர்கால வடிவங்கள் ஆறு: அரே (செய்வேன்), அராஸ் (செய்வாய்), அரா (செய்வான், செய்வாள், செய்யும்), அரேமோஸ் (செய்வோம்), அரேய்ஸ் (செய்வீர்கள்), அரான் (செய்வார்கள்). லத்தீன் அமெரிக்கப் பேச்சில் ஐந்தாவது வழங்குவதில்லை. அதன் வேலையையும் ஆறாவதே பார்க்கிறது. ஆறில் ஐந்துக்கு ஈற்றுயிரின் மேல் அழுத்தக்குறி உண்டு. ‘செய்வோம்’ என்பதற்கு மட்டும் இல்லை. அதில் அழுத்தம் ஈற்றயலசையில் விழுவதே காரணம். பலர் கூடிச் செய்வதாகச் சொன்னால் அழுத்தம் எவர் தலையிலும் விழாது என்பதை இதற்கு உரையாகக் கொள்ளலாம்.

2. தோற்றம்

பழைய லத்தீனின் எதிர்காலம் பேச்சுவழக்கில் மடிந்தபோது, ‘செய்ய’ என்ற எச்சத்தோடு ‘உடையேன்’ என்ற வினையைச் சேர்த்துச் சொல்லும் முறை அதன் இடத்தைப் பிடித்தது. பின்னர் இரண்டும் ஒட்டிக்கொண்டன. காஸ்டிலிய மொழிக்கு 1492இல் இலக்கணம் எழுதிய அந்தோனியோ தெ நெப்ரிஹா இந்தக் கூட்டைக் கண்டு சொல்லியிருக்கிறார். ஆகவே அரே என்பதன் அடிப்பொருள் ‘செய்யவேண்டிய கடன் எனக்கு உண்டு’ என்பது. ஒட்டு மறைந்தது, கடனும் மறைந்தது.

3. சிதைவு

எதிர்காலத்தில் விதிமீறும் மூல வினைகள் பன்னிரண்டு. கொள், வை, வா, வெளியேறு, மதிப்புறு என்ற பொருளுடைய ஐந்தும் ஓர் உயிரை இழந்து அந்த இடத்தில் ஒரு தகர ஒலியைப் பெறுகின்றன. முடி, அறி, விரும்பு முதலிய வேறு ஐந்து, உயிரை மட்டும் இழக்கின்றன. எஞ்சியவை இரண்டு. விதிப்படி ‘அசெரே’ என வரவேண்டியது ஓர் அசை முழுவதும் உதிர்ந்து ‘அரே’ என நிற்கிறது. ‘தெசிர்’ என்பதும் அவ்வாறே ‘திரே’ ஆகிறது. தெசிர் என்றால் ‘சொல்’. எதிர்காலத்துக்குத் தள்ளும்போது மிகுதியாகக் குறைபவை சொல்லும் செயலும் என்ற முடிவுக்கு வேறு சான்று தேவையில்லை.

4. ஆட்சி

இந்த வடிவம் வாக்குறுதிக்கும் கட்டளைக்கும் பயன்படுகிறது. ஊகத்துக்கும் பயன்படுகிறது. ‘கே அரா?’ என்பது ‘என்ன செய்வான்?’ என்றும் பொருள்படும். ‘இப்போது என்ன செய்துகொண்டிருப்பான்?’ என்றும் பொருள்படும். காலக் கணக்கில் இது இறந்தகாலத்துக்கே போய்விடுகிறது: ‘அரா தியேஸ் அன்யோஸ்’ என்றால் ‘பத்து வருஷம் இருக்கும்’. தமிழும் இங்கே எதிர்கால வடிவத்தையே கையாள்வதால், கடந்ததைத் துல்லியமாக நினைவில் வைக்காதவர்களுக்கு எதிர்காலம் கைகொடுப்பது இரு மொழிக்கும் பொது எனலாம்.

உண்மையிலேயே செய்ய நினைப்பவர் பேச்சில் இதை அதிகம் நாடுவதில்லை. ‘வோய் அ அசேர்’ (செய்யப்போகிறேன்) என்பார். அல்லது நிகழ்காலத்திலேயே ‘மன்யானா லோ அகோ’ (நாளை செய்கிறேன்) என்பார். நாளை என்ற சொல்லின் வலிமை தனியே ஆராயத்தக்கது. மரியானோ ஹொசே தெ லார்ரா 1833இல் எழுதிய ‘நாளை வாருங்கள்’ என்ற அங்கதக் கட்டுரையில், 15 நாளில் காரியம் முடிக்க மாட்ரிட் வந்த பிரெஞ்சுக்காரர் ஆறு மாதம் அலைந்து வெறுங்கையோடு திரும்புகிறார். அந்தத் தலைப்பின் வினை எதிர்காலமன்று, ஏவல். எதிர்காலத்தின் துணையின்றியே காரியத்தைத் தள்ளிப்போட முடியும் என்பது இதனால் பெறப்படும்.

5. எதிர்மறை

எதிர்மறைக்குத் தனி வடிவம் கிடையாது. முன்னால் ‘நோ’ சேர்த்தால் போதும். மேலே கண்ட ஐயங்கள் இதற்குப் பொருந்தா. ‘நோ லோ அரே’ (அதைச் செய்யமாட்டேன்) என்றவர் சொன்ன சொல்லைக் காப்பாற்ற எதுவும் செய்யவேண்டியதில்லை. ஆகவே பெரும்பாலும் காப்பாற்றிவிடுகிறார்.