மூன்று பந்துக் கோட்பாடு

ஆய்வுச் சிக்கல்

உலகில் தீராத சிக்கல்கள் எத்தனையோ இருக்க, பந்து உருட்டிப் பத்துக் கட்டைகளை வீழ்த்தும் விளையாட்டுக்கு எந்தப் பந்தை எடுத்துப்போவது என்று ஆராய ஒரு கட்டுரை வேண்டுமா எனச் சிலர் வினவலாம். அவர்கள் பந்து வாங்கியதில்லை. டென்பின் பவுலிங்கில் ஓரளவு கை தேறிய ஓர் அமெரிக்கரின் கார் நிறுத்தும் அறையில் எட்டுப் பந்துகள் வரிசையாக இருந்தால் அங்கே யாரும் வியப்பதில்லை. ஒவ்வொன்றையும் ஏன் வாங்கினார் என்பதற்கு அவரிடம் ஒரு காரணம் இருக்கும். எட்டுக் காரணங்களையும் அடுத்தடுத்துக் கேட்டால்தான் அவை ஒன்றையொன்று வெட்டுவது தெரியும்.

அவர் ஊரிலேயே ஆடும்வரை குடும்பத்தைத் தவிர வேறு யாருக்கும் இதனால் தொல்லை இல்லை. நெவாடா மாநிலத்தின் ரீனோ நகருக்கு அவர் விமானம் ஏறும் நாளில்தான் இந்த ஆய்வு பிறக்கிறது. 1995இல் அங்கே திறக்கப்பட்ட தேசிய பவுலிங் அரங்கத்தில் பந்து உருட்டும் தடங்களான லேன்கள் 78 உள்ளன. 1901இல் சிகாகோவில் 41 அணிகளோடு தொடங்கிய அமெரிக்க பவுலிங்கின் ஓப்பன் சாம்பியன்ஷிப் இந்த அரங்கில் பலமுறை நடந்திருக்கிறது. அதில் ஒருவர் ஒன்பது ஆட்டம் ஆடுவார்: ஐவர் அணியாக மூன்று, இருவராக மூன்று, தனியாக மூன்று. அணி ஆட்டத்துக்கு லேனில் ஒருவகை எண்ணெய்ப் பூச்சு, மற்ற இரண்டுக்கும் வேறுவகை. எட்டுப் பந்து வைத்திருப்பவருக்கு எட்டும் தேவை என்று தோன்ற இதற்குமேல் என்ன வேண்டும்?

ஆய்வெல்லை

முனைவர் பட்ட ஆய்வேடுகளில் ஆய்வெல்லையை ஆய்வாளரே வகுத்துக்கொள்வார். இங்கே அதை விமான நிறுவனம் வகுக்கிறது. பந்தின் எடை 16 பவுண்டைத் தாண்டக்கூடாது, விட்டம் 8.595 அங்குலத்தைத் தாண்டக்கூடாது என்பது விளையாட்டின் சட்டம். பெட்டியின் எடை 50 பவுண்டைத் தாண்டினால் தனிக்கட்டணம் என்பது அமெரிக்கப் பெரிய விமான நிறுவனங்களின் சாதாரண வகுப்புச் சட்டம். இவ்விரு சட்டங்களும் சந்திக்கும் இடத்தில் நம் ஆய்வாளர் எடைபோடும் கருவியோடு நிற்கிறார்.

16 பவுண்டுப் பந்து மூன்று என்றால் 48. மிஞ்சுவது 2; அதற்குள் சக்கரம் வைத்த பை கிடைக்காது. 15 பவுண்டில் மூன்று 45. மிஞ்சும் 5 பவுண்டுக்குள் பையை ஒருவாறு அடக்கலாம். காலணியைக் காலிலேயே போட்டுக்கொண்டு போகவேண்டும். 14 பவுண்டில் மூன்று 42. பை, காலணி, துடைக்கும் துண்டு எல்லாவற்றுக்கும் இடமுண்டு. 11 பவுண்டில் நான்கு பந்தே கொண்டுபோகலாமே என்று கணக்கர் ஒருவர் இடைமறிக்கக்கூடும். கட்டை ஒன்றின் எடை குறைந்தது 3 பவுண்டு 6 அவுன்ஸ்; பத்தும் சேர்ந்தால் ஏறக்குறைய 34 பவுண்டு. இலேசான பந்து முதல் கட்டையில் மோதியதுமே வழி விலகிவிடும். கணக்கருக்கு நான்கு பந்து மிஞ்சும், லேனில் கட்டைகளும் மிஞ்சும்.

கைப்பையில் ஒரு பந்தை விமானத்துக்குள் எடுத்துச்செல்ல அமெரிக்கப் பாதுகாப்புச் சோதனையில் தடையில்லை. ஆயினும், தலைக்கு மேலுள்ள அறையில் 15 பவுண்டு உருண்டை இருப்பதை அறிந்த சகபயணியின் மனநிலை தனி ஆய்வுக்குரியது. ஆகவே மூன்று என்பதை எல்லையாகக் கொள்கிறோம். சில போட்டிகள் பந்தின் எண்ணிக்கைக்குத் தாமே வரம்பு வைப்பதும் உண்டு. அந்த எண் வேறாக இருந்தாலும் முறை மாறாது.

எட்டில் மூன்றைத் தேர்ந்தெடுக்க 56 வழிகள் உள்ளன. ஒவ்வொரு பந்தின் மேற்பரப்பையும் ஐந்து விதமாகத் தீட்டலாம் என்று வைத்தால் 7,000 வழிகள். ஆடப்போவதோ ஒன்பது ஆட்டம்.

முன்னாய்வுகள்

லிக்னம் வைட்டே என்னும் கடுமரத்தில் பந்து கடைந்த காலத்தில் இந்தக் கேள்வி எழவில்லை. 1905இல் ரப்பர் பந்து வந்தது; பிறகு பாலியெஸ்டர், அதாவது வெறும் பிளாஸ்டிக்; 1980களின் தொடக்கத்தில் யூரித்தேன்; 1990களின் தொடக்கத்தில் ரியாக்டிவ் ரெசின். மேல்தோலின் நுண்துளைகளால் எண்ணெயை உறிஞ்சி, லேனை இறுகப் பற்றி வளையும் இந்தக் கடைசி வகைதான் ஒரு பந்து போதும் என்ற பழைய அடக்கத்தை ஒழித்தது.

இத்துறையின் தலைசிறந்த செய்முறை ஆய்வாளர் டான் மெக்யூன். மெத்தில் எத்தில் கீட்டோன் என்னும் கரைப்பானில் பிளாஸ்டிக் பந்தை ஊறவைத்தால் அதன் தோல் மென்மையாகும், மென்மையானால் நன்றாக வளையும் என்று கண்டு, 1973இல் ஆறு தொழில்முறைப் பட்டங்களை வென்றார். அவருடைய ஆய்வு முடிவுகளை ஏற்றுக்கொண்டதன் அடையாளமாக, பந்து இவ்வளவு கடினமாகவாவது இருக்கவேண்டும் என்று போட்டி நடத்துவோர் விதி எழுதினார்கள். எடையைச் சரிக்கட்டப் பந்தில் கூடுதலாக ஒரு துளை போடும் வழக்கத்துக்கும் 2020 ஆகஸ்டில் முற்றுப்புள்ளி விழுந்தது. பந்துக்குள் இருக்கும் உட்கருவால் வரும் சுழற்சி ஆர வேறுபாட்டுக்குக்கூட எண்ணில் வரம்பு உண்டு: 0.060 அங்குலம். இவ்வளவு வரம்புகளை வகுத்த சான்றோர், கடைக்குப் போகும் ஆசைக்கு மட்டும் ஒன்றும் வகுக்கவில்லை.

நிலமும் பொழுதும்

தமிழ்ப் பொருளிலக்கணம் முதற்பொருளை நிலம், பொழுது என இரண்டாகப் பகுத்தது. அதை வகுத்தோர் பவுலிங் லேனைக் கண்டிருக்க வாய்ப்பில்லை; ஆனாலும் பகுப்பு அப்படியே பொருந்துகிறது.

நிலம்: கோட்டிலிருந்து முதல் கட்டை வரை 60 அடி. அகலம் 41.5 அங்குலம், குறுக்கே 39 பலகைகள். வழக்கமான லேனில் முதல் 40 அடி அளவுக்கு எண்ணெய் பூசியிருக்கும், எஞ்சிய 20 அடி வறண்டிருக்கும். மருதமும் பாலையும் ஒரே தளத்தில் அடுத்தடுத்து. பந்து மருதத்தில் வழுக்கும், பாலையில் பிடிகொண்டு வளையும், பிறகு சீராக உருளும். முதல் கட்டைக்கும் மூன்றாம் கட்டைக்கும் இடையே ஏறக்குறைய 6 பாகைக் கோணத்தில் பந்து நுழைந்தால் பத்தும் விழ வாய்ப்பு மிகுதி. லேனின் ஓரத்திலிருந்து நேராக உருட்டினால் கிடைக்கும் கோணம் 2 பாகைக்கும் குறைவு. வளைவு ஆடம்பரமன்று என்பதற்கு இதுவே சான்று.

பொழுது: ஆட்டம் நகர நகர எண்ணெய் குறைகிறது. பாலை தனியொரு நிலமன்று, பிற நிலங்கள் வெம்மையால் திரிந்து அந்த வடிவம் கொள்ளும் என்பது மரபு. ரீனோவில் அந்த வெம்மையைத் தருபவை ஆடுவோரின் பந்துகளே. உருட்டும்போதெல்லாம் கொஞ்சம் எண்ணெயைக் குடித்துவிட்டுத் திரும்புகின்றன. ஐவர் அணிகள் இரண்டு ஒரு சோடி லேன்களில் இறங்கினால் முதல் ஆட்டத்தின் மருதம் மூன்றாம் ஆட்டத்தில் பாலை.

உரிப்பொருளும் அவ்வாறே. பத்தும் விழுந்தால் புணர்தல். பந்து திரும்பி வரும்வரை இருத்தல். மூலையில் ஒரு கட்டை மட்டும் அசையாது நின்றால் இரங்கல். அது பந்தின் குற்றமே என்றால் ஊடல். வீட்டில் விட்டுவந்த ஐந்து பந்துகளை நினைத்தால் பிரிதல். ஐந்தினுள் மிகுதியாகப் பேசப்படுவது பிரிதலே. வீட்டில் விட்டுவந்த பந்து ஒருநாளும் குறி தவறியதில்லை.

பரபக்கம்

பிறர் கொள்கைகள் மூன்றை எடுத்து மறுப்போம்.

முதலாமவர் பேராற்றல்வாதி. இருப்பதில் மிக வலிமையான மூன்றையும் எடுத்துப்போவார்: சொரசொரப்பான தோல், பெருஞ்சுழற்சி தரும் உட்கரு. எண்ணெய் நிறைந்த முதல் ஆட்டத்தில் இவர் அரசர். பாலை வந்ததும் மூன்று பந்துகளும் பாதி வழியிலேயே வளைந்து, கட்டைகளை அடையுமுன் வலுவிழக்கும். பெயர் மூன்று, பந்து ஒன்றுதான்.

இரண்டாமவர் நடுநிலைவாதி. எதற்கும் ஒருவாறு ஒத்துவரும் பந்துகளாகப் பார்த்து மூன்று எடுப்பார். ஒன்று சரிவராவிட்டால் அடுத்ததை எடுப்பார். அது முந்தையதைப் போலவே நடந்துகொள்ளும். பிறகு மூன்றாவதை எடுப்பார். இவர் மாற்றுவது நிறத்தை.

மூன்றாமவர் நினைவுவாதி. என்றோ ஒருநாள் உச்ச எண்ணிக்கையான 300ஐ எடுக்கவைத்த பந்தை ஒதுக்கமாட்டார். முதல் உருட்டிலேயே பத்தையும் வீழ்த்தும் ஸ்ட்ரைக் பன்னிரண்டும் விழுந்த அந்த மாலையில் எண்ணெய் எப்படியிருந்தது என்று கேட்டால் நினைவில்லை என்பார். நிலமும் பொழுதும் மறந்து கருப்பொருளை மட்டும் போற்றுவது இலக்கணப் பிழை.

சுபக்கம்

நம் கொள்கை இது: வரம்பு இல்லாதபோது பந்தின் சிறப்பைப் பார்க்கலாம், வரம்பு வந்தபின் பந்துகளுக்கிடையே உள்ள வேறுபாட்டை மட்டுமே பார்க்கவேண்டும். நல்ல பந்தா என்பது தவறான கேள்வி. மற்ற இரண்டும் செய்யாததை இது செய்யுமா என்பதே கேள்வி.

முதல் இடம் அளவுகோல் பந்துக்கு. இடைத்தர வலிமை, ஒழுங்கான வளைவு. இதை உருட்டிப் பார்த்தால் லேன் எந்த நிலையில் உள்ளது என்று தெரியும். மற்ற பந்துகள் விடை சொல்லும். இது கேள்வியைச் சொல்லும்.

இரண்டாம் இடத்துக்குப் போட்டி கடுமை. எண்ணெய் மிகுந்த நிலத்துக்கான மங்கலான வலிய பந்தா, வறள்நிலத்துக்கான மினுமினுக்கும் மெலிய பந்தா? நடுவராக வருவது உப்புத்தாள். மேற்பரப்பைத் தேய்த்து மங்கச் செய்தால் பந்து எண்ணெயிலேயே பிடிகொள்ளத் தொடங்கும். பளபளப்பாக இருந்தால் வெகுதூரம் வழுக்கிச் சென்று தாமதமாக வளையும். ஆட்டம் தொடங்குமுன் கையால் தேய்க்க விதி இடம் தருகிறது, தொடங்கியபின் தருவதில்லை. தேய்த்து மங்கவைக்க ஒரு துண்டுத் தாளும் சில நிமிடங்களும் போதும். மீண்டும் மினுக்க மெருகும் சுழல்பொறியும் வேண்டும். ஆகவே மங்கல் பந்தைச் சுமக்கவேண்டியதில்லை; அளவுகோல் பந்தைத் தேய்த்தால் ஏறக்குறைய அதுவாகும். மினுக்குப் பந்தைத்தான் சுமக்கவேண்டும். எடையற்ற நான்காவது பந்து உப்புத்தாளே என்பது இவ்வாய்வின் முதல் கண்டுபிடிப்பு.

மூன்றாம் இடத்தைச் சொன்னால் கற்றோர் அவையில் சிரிப்பு எழும். வெறும் பிளாஸ்டிக் பந்து. கடையில் மலிவானது, எண்ணெயையும் வறட்சியையும் பெரிதாகப் பொருட்படுத்தாமல் நேராகப் போவது, எஞ்சி நிற்கும் கட்டைகளை, சிறப்பாக வலக்கையரை வாட்டும் வலது மூலைக் கட்டையை, வீழ்த்த மட்டும் பயன்படுவது. எட்டில் மூன்றை எடுக்கச் சொன்னால் பலர் முதலில் கழிப்பது இதைத்தான். இனிக் கணக்கு பேசட்டும்.

ஒவ்வொரு ஃப்ரேமிலும், அதாவது ஆட்டத்தின் ஒவ்வொரு சுற்றிலும், முதல் உருட்டில் 9, இரண்டாவதில் எஞ்சிய ஒன்று என ஆடுபவருக்கு மொத்தம் 190. அதே 9 எடுத்து எஞ்சிய ஒன்றை ஒவ்வொரு முறையும் விடுபவருக்கு 90. முதல் உருட்டில் இருவருக்கும் வேறுபாடே இல்லை. இதற்குமேல், அந்த 190இன் நடுவில் ஒரு தனி ஸ்ட்ரைக் விழுந்தால் கூடுவது 2 புள்ளி. எஞ்சியதை இரண்டாம் உருட்டில் வீழ்த்தும் ஸ்பேர் ஒன்று தவறினால் போவது 10 புள்ளி. ஸ்ட்ரைக் அடுத்தடுத்து இரண்டு விழுந்தால்தான் 12 கூடுகிறது. இரண்டு புள்ளிக்காகப் புதுப் பந்து வாங்குவோர், பத்துப் புள்ளியைக் காக்கும் பந்தை வீட்டில் விட்டுச்செல்வது ஏன்? ஸ்ட்ரைக் விழும்போது கைதட்டு கேட்கிறது, ஸ்பேர் விழும்போது அடுத்தவர் எழுந்துவிடுகிறார் என்பதைத் தவிர வேறு காரணம் இவ்வாய்வுக்கு அகப்படவில்லை.

மறுப்பும் மேலாய்வும்

ஒரு மறுப்பு எஞ்சுகிறது. ஒருவருக்கு மூன்று என்றால் இருவருக்கு ஆறு. இருவர் ஆட்டக் கூட்டாளியோடு பந்துகளைப் பகிர்ந்துகொண்டால் என்ன? பந்தின் துளைகள் ஆளுக்கு ஆள் அளவெடுத்துக் குடைந்தவை. விரலின் பருமன், கையின் விரிவு, மூட்டின் வளைவு எல்லாம் வேறு. கூட்டாளியின் பந்தில் நம் கட்டைவிரல் நுழையாது. நுழைந்தால் வெளியே வராது. கூட்டாளியை வெறுமனே சுமக்கச் சொல்லலாம். ஆனால் அவருடைய பையிலும் இடம் மூன்றுதான். நம் நான்காவது அங்கே ஏறவேண்டுமானால் அவருடையது ஒன்று இறங்கவேண்டும். அவர் எதை இறக்குவார் என்பது மேலே நிறுவப்பட்டுள்ளது: பிளாஸ்டிக் பந்தை. இருவர் ஆட்டத்தில் அவருடைய எண்ணிக்கையும் நம் கணக்கில் சேரும் என்பதால், நம் நான்காவது பந்து ஒவ்வொரு முறை அவர் மூலைக் கட்டையைத் தவறவிடும்போதும் நமக்கு 10 புள்ளி நட்டம் தரும். ஆகவே நான்காவது பந்தைச் சுமக்க ஆள் தேடுவதைவிட, கூட்டாளியின் பையைத் திறந்து அவருடைய பிளாஸ்டிக் பந்து உள்ளே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விமானம் ஏறுவதே அறிவுடைமை.