முழுக்கைச் சட்டையின் சரித்திரம்

அக்கா மகன் செல்போனை என் மூக்குக்கு நேரே நீட்டினான். "மாமா, இதுல எது மீனிங்ஃபுல்லா இருக்கு?" ஒரு சிங்கம், ஒரு இதயத்துடிப்புக் கோடு, என்னவென்றே தெரியாத நாலு ஜப்பானிய எழுத்து. "கையில டாட்டூ போடப் போறேன். காலத்துக்கும் நிக்கிற விஷயம் இல்லையா, அதான் அர்த்தம் பார்த்துப் பண்ணலாம்னு." காலத்துக்குமாம்! ஆறு மாசத்தில் மூன்று முறை ஜிம் மாற்றியவன் பேசுகிற பேச்சா இது?

அவனை உட்கார வைத்து வரலாற்றை ஆரம்பித்தேன். எங்கள் வீட்டில் பிள்ளைகளை அடிப்பதில்லை. இதைத்தான் செய்வோம்.

பச்சை குத்துவதில் ஒரே ஒரு சிக்கல் உண்டு. மை அப்படியே இருக்கும், ஆள் மாறிக்கொண்டே இருப்பார். மாறிய ஆள் ஒருநாள் மாறாத மையைப் பார்த்துத் திருதிருவென்று முழிப்பார். பிறகு மெதுவாகச் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொள்வார். ஆகவே நல்ல டாட்டூ எது என்று கண்டுபிடிக்க நான் ஒரு டெஸ்ட் வைத்திருக்கிறேன். முப்பது வருஷம் கழித்து அதை மூடி மறைக்க முழுக்கைச் சட்டை தேவைப்படுமா? இந்தப் பரீட்சையில் மகாராஜாக்களே கோட்டை விட்டிருக்கிறார்கள்.

பாஸானவரை முதலில் சொல்லிவிடுகிறேன். 1991-இல் ஆல்ப்ஸ் மலையில், ஆஸ்திரியா–இத்தாலி எல்லையில், பனிக்குள்ளிருந்து ஒரு உடல் தலைகாட்டியது. யாரோ மலையேறப் போய் விழுந்துவிட்டார் போலிருக்கிறது என்று பார்த்தால், விழுந்து சுமார் 5,300 வருஷம் ஆகியிருந்தது. ஓட்ஸி என்று பெயர் வைத்தார்கள். உடம்பில் 61 டாட்டூ! புலியா, டிராகனா, காதலி பெயரா? ஒன்றுமில்லை. வெறும் கோடுகள், இரண்டொரு கூட்டல் குறி. பால்காரர் சுவரில் கணக்கு எழுதி வைத்த மாதிரி இருந்தது.

கோடுகள் இருந்த இடத்தைப் பார்த்ததும் விஷயம் புரிந்தது. இடுப்பு, முழங்கால், கணுக்கால். எக்ஸ்ரே எடுத்தால் அங்கெல்லாம் தேய்மானம். வலிக்கு வைத்தியமாகத் தோலைக் குத்திக் கரியைத் தேய்த்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. ஆக, நமக்குக் கிடைத்ததிலேயே மிகப் பழைய டாட்டூ ஆசாமி ஒரு ஸ்டைல் மன்னர் இல்லை, மூட்டுவலிக்காரர். வைத்தியம் பலித்ததா என்பதை அவரிடம் கேட்க முடியாது. பின்னாலிருந்து யாரோ விட்ட அம்பு தோளில் பாய்ந்து எல்லா வலிகளையும் மொத்தமாகத் தீர்த்துவிட்டது.

அடுத்து கிரேக்கர் ஹிஸ்டியேயஸ். மிலீடஸ் நகரத்துக்காரர். பாரசீகப் பேரரசர் டேரியஸ் "நீ என் உயிர் நண்பன், என்னோடேயே இரு" என்று அவரைத் தலைநகர் சூசாவில் வைத்துக்கொண்டார். சாப்பாடு உண்டு, மரியாதை உண்டு, ஊருக்குப் போக லீவு மட்டும் கிடையாது. ஊரில் ஒரு கலகம் வந்தால் அடக்குவதற்குத் தன்னைத்தான் அனுப்புவார்கள் என்று கணக்குப் போட்டார் நம்மாள். கலகம் தானாக வருகிற மாதிரித் தெரியவில்லை. ஆகவே அவரே ஆர்டர் கொடுத்தார்!

கொடுத்த விதம்தான் அட்டகாசம். நம்பிக்கையான ஒரு அடிமைக்கு மொட்டையடித்து, மண்டையில் செய்தியைக் குத்தி, முடி வளரும்வரை காத்திருந்து, ஊரிலிருந்த மருமகன் அரிஸ்டகோரஸிடம் அனுப்பினார் என்கிறார் ஹெரோடோடஸ். "போய்த் தலையை மழிக்கச் சொல், அது போதும்." பக்காவான என்க்ரிப்ஷன். டெலிவரிதான் கொஞ்சம் லேட். நம் ஊரில் தலையெழுத்து என்று சொல்வோமே, சுமக்கிறவனுக்கே படிக்கத் தெரியாத எழுத்து, அதை நிஜமாகவே சுமந்து நடந்தவர் அந்த அடிமை. அவர் பெயரைக்கூட யாரும் குறித்து வைக்கவில்லை.

கி.மு. 499-இல் கலகம் வெடித்தது. போட்ட கணக்குப்படியே ஹிஸ்டியேயஸை ஊர்ப்பக்கம் அனுப்பினார்கள். அவரும் இரண்டு பக்கமும் விளையாடிக் கடைசியில் பாரசீகர்களிடம் மாட்டினார். அவர்கள் அவர் தலையை வெட்டி, பதப்படுத்தி, சூசாவுக்கு அனுப்பிவைத்தார்கள். அடுத்தவன் தலையில் செய்தி அனுப்பியவருக்குத் தன் தலையே செய்தியாகப் போனது.

"இதெல்லாம் சரி மாமா, டாட்டூவைக் கண்டுபிடிச்சு ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனது கேப்டன் குக்தானே?" என்றான் மருமகன். எங்கேயோ ரீல்ஸில் பார்த்திருக்கிறான். குக்கின் கப்பல் 1769-இல் டஹிட்டிக்குப் போனது உண்மை. "தத்தாவ்" என்ற பாலினேசியச் சொல் ஆங்கிலத்தில் ஏறியதும் உண்மை. ஆனால் கொண்டுவந்தது சொல்லைத்தான். ஜெருசலேமுக்குப் புனித யாத்திரை போன ஐரோப்பியர்கள் அதற்கு வெகு காலம் முன்பே கையில் சிலுவை குத்திக்கொண்டு திரும்பினார்கள். நாம் திருப்பதி போய் மொட்டையோடு வருவதில்லையா, அந்த மாதிரி. மொட்டையில் முடி வளர்ந்துவிடும், அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னும் சொல்லப்போனால், குக்குக்குக் கிட்டத்தட்ட எண்பது வருஷம் முன்பே லண்டனில் டாட்டூ கண்காட்சி ஒன்று நடந்தது. அதில் நம்ம சென்னைக்கும் பங்கு உண்டு. பெருமைப்பட அவசரப்படாதீர்கள்.

1690. இன்று நமது சட்டசபை கூடுகிற அதே செயின்ட் ஜார்ஜ் கோட்டை. அங்கே வந்து சேர்ந்தார் வில்லியம் டாம்பியர். கொஞ்ச நாள் கடற்கொள்ளை, மிச்ச நாள் செடிகொடி ஆராய்ச்சி என்று வாழ்ந்த விசித்திர மனிதர். அதே சமயம் பிலிப்பைன்ஸின் மிண்டனாவோவிலிருந்து மூடி என்ற ஆங்கிலேயர், தான் விலைக்கு வாங்கிய இரண்டு பேரைக் கொண்டுவந்திருந்தார். ஒருவர் உடம்பெல்லாம் பச்சை குத்திய ஜியோலி, இன்னொருவர் ஜியோலியின் அம்மா. மூடியோடு டாம்பியர் கூட்டாளியானார். இருவரிலும் டாம்பியருக்குப் பாதிப் பங்கு! மனைக்கு ஜாயிண்ட் பட்டா கேள்விப்பட்டிருப்பீர்கள். அம்மாவுக்கும் பிள்ளைக்கும் ஜாயிண்ட் பட்டா போட்டிருக்கிறார்கள்.

சுமத்ராவின் பென்கூலனில் அம்மா இறந்துபோனார். அம்மாவின் துணிகள் அத்தனையையும், மூடி கொடுத்திருந்த புதுச் சீட்டித்துணிகளையும் சேர்த்து ஜியோலி அவர் உடம்பைச் சுற்றினார். இவை அம்மாவுடையவை, அவளோடுதான் போகவேண்டும் என்றார். இதை டாம்பியரே எழுதி வைத்திருக்கிறார். இந்த இடத்தில் எனக்கு ஜோக் வரவில்லை.

1691-இல் லண்டன் போய்ச் சேர்ந்ததும் டாம்பியருக்குப் பணமுடை. முதலில் பங்கில் கொஞ்சம் விற்றார், பிறகு முழுவதும் விற்றார். வாங்கியவர்கள் "இளவரசர் ஜியோலோ" என்று நோட்டீஸ் அடித்தார்கள். இந்தப் பச்சை குத்திய உடம்பை எந்தப் பாம்பின் விஷமும் ஒன்றும் செய்யாது என்று அதில் ஒரு பீலா. பாம்பு தீண்டவில்லைதான். ஆக்ஸ்ஃபோர்டில் பெரியம்மை தீண்டி, அவர் இறந்துபோனார்.

1697-இல் வெளியிட்ட புத்தகத்தில் டாம்பியர் நல்ல பிள்ளையாக உண்மையைச் சொன்னார். நோட்டீஸில் இருந்தது கட்டுக்கதை, குத்தும் முறையும் நம் ஆட்கள் கையில் ஜெருசலேம் சிலுவை குத்திக்கொள்கிற அதே முறைதான் என்றார். நேர்மையான மனிதர். விற்றுக் காசு வந்த பிறகு ரொம்பவே நேர்மையான மனிதர்.

நம் ஊரிலேயே கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் இன்னொரு கூத்து நடத்தினார்கள். 1797-இல் வங்காளத்தில் சட்டம் போட்டு, ஆயுள் கைதிகளின் நெற்றியில் குற்றத்தைப் பச்சை குத்தினார்கள். ஓடிப்போனால் கண்டுபிடிக்க வசதியாம். கைதிகள் என்ன செய்தார்கள்? தலைப்பாகையைப் புருவம்வரை இறக்கிக் கட்டினார்கள். ஒரு சர்க்காரின் மகத்தான திட்டத்தை ஒரு முழம் துணி தோற்கடித்தது. 1849-இல் கம்பெனியே அந்த வழக்கத்தைக் கைவிட்டது.

கம்பெனி போய் மகாராணி வந்தார். மகாராணியின் பேரப்பிள்ளைகள் இருவர், ஆல்பர்ட் விக்டரும் ஜார்ஜும், 1881-இல் கப்பலில் ஜப்பான் போனார்கள். பதினாறு வயது ஜார்ஜ் கையில் ஒரு டிராகன் குத்திக்கொண்டார். அந்தப் பையன்தான் பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ். 1911-இல் தில்லி தர்பாரில் நம் ராஜாக்களெல்லாம் வரிசையாக வந்து குனிந்து வணங்கினார்களே, அந்த அங்கிக்குள் ஒரு ஜப்பான் டிராகன் படுத்திருந்தது. ஏழையின் நெற்றியில் ஏறினால் தண்டனை, இளவரசர் கையில் ஏறினால் டூரிஸ்ட் சுவனீர். ஊசி என்னவோ ஒரே ஊசிதான்.

ஜப்பான் கதை இன்னும் வேடிக்கை. 1872-இல் அந்நாட்டு அரசு பச்சை குத்துவதற்குத் தடை போட்டிருந்தது. காரணம்? வெள்ளைக்காரர்கள் பார்த்தால் நம்மை நாகரிகமில்லாதவர்கள் என்று நினைத்துவிடுவார்களாம்! அந்த வெள்ளைக்காரர்களோ கப்பலைவிட்டு இறங்கியதும் "டாட்டூ எங்கேப்பா போடுவார்கள்?" என்று விசாரித்தார்கள். விருந்தாளிக்கு என்ன பிடிக்கும் என்று கேட்காமலே சமையலை மாற்றினால் இப்படித்தான். தடை விலகியது 1948-இல்.

டாட்டூ உலகத்தின் மிகச் சிறந்த கதை ஸ்வீடனில் இருக்கிறது. சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து, பிரெஞ்சுப் புரட்சியில் உயர்ந்து, நெப்போலியனின் தளபதியாகி, கடைசியில் ஸ்வீடனுக்கே மன்னரானவர் பெர்னடோட். அவர் சாகும்வரை யாருக்கும் கையைக் காட்டவில்லையாம். செத்த பிறகு பார்த்தால், புரட்சிக்கால டாட்டூ. "அரசர்கள் ஒழிக!" எவ்வளவு அருமையான கதை! ஒரே குறை, ஆதாரம் கேட்டால் யாரிடமும் இல்லை. ஆனாலும் வெகுகாலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். கொள்கைக்கும் பதவிக்கும் நடுவே ஒரு முழுக்கைச் சட்டை இருக்கும் என்று நமக்கு அத்தனை உறுதியாகத் தெரியும். ஏன் தெரியும் என்று கேட்காதீர்கள், வாராவாரம் கட்சி மாறும் செய்தி படிக்கிறீர்கள்தானே.

சட்டை போட்டு மறைக்க முடியாதபோது டாட்டூவுக்கே சட்டை போட்ட கதையும் உண்டு. 1909-வாக்கில் அமெரிக்கக் கடற்படை, ஆபாசமான டாட்டூ உள்ளவர்களுக்கு வேலை இல்லை என்றது. வேண்டுமானால் மாற்றிக்கொண்டு வரலாம் என்று ஒரு சலுகையும் தந்தது. அவ்வளவுதான், கையில் பிறந்தமேனியாக நின்ற அழகிகளுக்கெல்லாம் அவசர அவசரமாகப் பாவாடை குத்தினார்கள். பச்சை குத்துகிறவர் டெய்லரானார். அவர் கையிலிருந்த மெஷினுக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. ஆவணங்களை நகலெடுக்க எடிசன் செய்த மின்சாரப் பேனாவை அடிப்படையாக வைத்து, 1891-இல் சாமுவேல் ஓரெய்லி பேட்டன்ட் வாங்கிய கருவி அது. ஆபீஸ் சாமானுக்கு வந்த வாழ்வைப் பாருங்கள்.

"நம்ம காலத்து ஆளுங்களைச் சொல்லு மாமா." சொன்னேன். ஜானி டெப், காதலி வினோனாவின் பெயரைக் குத்தி "என்றென்றும் வினோனா" என்றார். பிரிந்த பிறகு கடைசி இரண்டு எழுத்தை அழித்தார். மிஞ்சியதற்கு ஆங்கிலத்தில் "என்றென்றும் குடிகாரன்" என்று அர்த்தம். கால்பந்து வீரர் பெக்கம் மனைவி பெயரை தேவநாகரியில் குத்தினார், எழுத்துப் பிழையோடு. பாடகி அரியானா கிராண்டே 2019-இல் "ஏழு மோதிரம்" என்று ஜப்பானிய எழுத்தில் உள்ளங்கையில் குத்தப் போய், வலி தாங்காமல் நடுவில் சில எழுத்தை விட்டுவிட்டார். மிச்சத்தைச் சேர்த்துப் படித்தால் கரியடுப்பு! எங்கள் வீட்டுப் பையன் போனில் இருந்த நாலு எழுத்தைச் சட்டென்று மூடினான்.

"அப்ப எதுதான் நல்ல டாட்டூ?" என்றான் சலிப்போடு.

மூலையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் அம்மாவின் முன்கையைக் காட்டினேன். கோலப்புள்ளிகள். அறுபது வருஷத்துப் பச்சை, கொஞ்சம் பரவி, கொஞ்சம் நீலமாகி, சுருக்கத்தோடு சுருக்கமாகிவிட்டது. அதை அவர் மறைத்து நான் பார்த்ததே இல்லை. "இதோ, டெஸ்ட்ல டிஸ்டிங்ஷன்" என்றேன். குரல் தழுதழுக்க ஏற்பாடும் செய்துகொண்டேன். "சொல்லும்மா, இதுக்கு என்ன அர்த்தம்?"

"அர்த்தமா?" அம்மா முருங்கைக்காம்பை எறிந்தார். "தெருவுல குறத்தி வந்தா. மேலத்தெரு பொண்ணுங்க எல்லாம் குத்திக்கிட்டாங்க. நானும் கையை நீட்டினேன். வலி உசிர் போச்சு. கூலியா அரிசி அளந்து போட்டதுக்கு எங்க அம்மா வேற அடிச்சாங்க."

"ஓ, ட்ரெண்டிங்!" என்றான் பையன், கண் விரிய. என் மொத்த வரலாற்றிலும் அவன் எடுத்துக்கொண்ட பாடம் அது ஒன்றுதான்.

நேற்று வந்திருந்தான். கத்திரி வெயில், கரண்ட் வேறு இல்லை. பையன் முழுக்கைச் சட்டையில் உட்கார்ந்திருந்தான், பட்டன்கூடத் திறக்காமல். என்னடா குத்தினாய் என்று நான் கேட்கவில்லை. அம்மாதான் விசிறியைக் கையில் கொடுத்து, "எந்தப் பொண்ணுடா?" என்றார்.