படிக்காதலே, பேராண்டி!

ஏலே பேராண்டி, இங்கன வா. திண்ணையில உக்காரு. அந்தப் போனைக் கவுத்து வையி, பாவம் அதுக்கும் லீவு வேணும்லா. என்னமோ ஒங்கம்மாகிட்ட கேட்டியாமே? காலேஜ் தொறக்கதுக்கு முந்தி லீவுல படிக்கணுமா, வேண்டாமான்னு? அவ படிங்கா. ஒங்கப்பன், "பிள்ளையை விடு, ரெண்டு வருசமா ஒழுங்கா ஒறங்கல"ங்கான். கடைசியில பஞ்சாயத்து எங்கிட்ட வந்துருக்கு. தீர்ப்பைச் சொல்லிருதேன், கேட்டுக்கோ. படிக்காத. ஒரு எழுத்துகூடப் படிக்காத.

மார்ச்சுல பரீட்சை முடிஞ்சுது. மே மாசம் ரிசல்ட்டு. பொறவு கவுன்சிலிங், அது ரவுண்டு ரவுண்டாப் போகும். வகுப்பு தொடங்க ஆகஸ்டு, சில வருசம் செப்டம்பர்கூட ஆயிருது. முழுசா அஞ்சு மாசம்! நீயும் அதை வீணாக்கல, சும்மா சொல்லக் கூடாது. காலையில பத்து மணிக்கு எந்திரிக்கே. பதினொண்ணுக்கெல்லாம் களைச்சுப் போயிருதே. ராத்திரி பூரா போனுக்குள்ள துப்பாக்கியத் தூக்கிக்கிட்டு எந்த நாட்டு எல்லையையோ காக்கே. இவ்வளவு பொறுப்பு உள்ளவன்கிட்ட போய்ப் படின்னு சொன்னா அந்த நாடு என்னத்துக்கு ஆகும்?

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு போர்டு பாத்தேன். மொதல் செமஸ்டர் பாடம் முழுசையும் முப்பது நாள்ல முடிச்சுத் தருவாகளாம். பிரிட்ஜ் கோர்சாம். ஒங்கம்மா அதுக்குத்தான் சீட்டுப் பணத்தை எடுக்கலாமான்னு பாக்கா. நாலு மாசப் பாடத்தை ஒரு மாசத்துல முடிச்சுட்டா, பொறவு கிளாசுல நீ என்ன செய்வே? "இது எனக்குத் தெரியுமே"ன்னு கடைசி பெஞ்சுல ஒறங்குவே. தெரியாதுன்னு கேள்வித்தாள் வந்துதான் ஒன்னை எழுப்பணும். இம்புட்டுக்கும் காலேஜுல சேந்ததும் இன்டக்‌ஷன்னு அவுகளே ஒரு மூணு வாரம் வச்சுப் பழக்கணும்னு ஏஐசிடிஇ சொல்லியிருக்காம். சும்மா கெடைக்கத எதுக்குலே ரூவா குடுத்து வாங்கணும்?

அன்னைக்குக் கெணத்து மேட்டுல ஒண்ணு கேட்டேன், ஞாபகம் இருக்கா? நம்ம அஞ்சு ஹெச்பி மோட்டார் ஒரு மணி நேரம் ஓடுனா எத்தனை யூனிட்டு ஆகும்னு. பிசிக்ஸ்ல தொண்ணூத்தாறு வாங்குன பிள்ளை, எலக்ட்ரிக்கல் எடுக்கப் போற பிள்ளை, என்ன சொன்ன? "விவசாயத்துக்குத்தான் கரண்டு ஃப்ரீயாச்சே தாத்தா"ன்ன. கரண்டு ஃப்ரீதாம்லே, கணக்குமா ஃப்ரீ? ஒரு ஹெச்பி 746 வாட்டு. அஞ்சுக்கு 3730. ஆயிரம் வாட்டு ஒரு மணி நேரம் ஓடுனா ஒரு யூனிட்டு. அப்ப மூணே முக்காலுக்குக் கொஞ்சூண்டு கம்மி. கெழவன் இதை எங்க படிச்சான்னு முழிச்சியே! மோட்டார்த் தகட்டுலயே 3.7 கிலோவாட்டுன்னு அடிச்சிருக்கான். எண்ணெயும் தூசியுமா அப்பிக் கெடந்துச்சு. துண்டால தொடச்சேன், தெரிஞ்சுது. அந்த 746 ஒம் பிளஸ் ஒன் பிசிக்ஸ் புஸ்தகத்துலயும் இருக்கு. அது மேலயும் தூசிதான். தொடைக்கத்தான் ஆளில்ல.

பிளஸ் ஒன்னுன்னதும் மொகம் போற போக்கைப் பாரு! ஒம் மேல தப்பில்லப்பா. கட் ஆஃப் 200. கணக்குக்கு 100, பிசிக்ஸ் 50, கெமிஸ்ட்ரி 50. எல்லாம் பிளஸ் டூ மார்க்கு. மார்க்கு இல்லாத எடத்துல ஒனக்கு என்ன சோலி? ஒங்க பள்ளிக்கூடமும் லேசுப்பட்டது இல்ல, பிளஸ் ஒன் பாதியிலயே பிளஸ் டூ பாடத்தை ஆரம்பிச்சுட்டாக. லிமிட்டு, டிஃபரன்சியேசன், இன்டகிரேசன் எல்லாம் பிளஸ் ஒன் கணக்கு ரெண்டாம் தொகுதியில கைபடாமப் பத்திரமா இருக்கு. காலேஜுல கணக்கு வாத்தியார், அதெல்லாம் ஒனக்குத் தண்ணிபட்ட பாடுன்னு நெனச்சுக்கிட்டு அங்கன இருந்துதான் ஆரம்பிப்பாரு. எதுத்த வீட்டுப் பய போன வருசம் அரியர் வச்சானே, புதுப் பாடமா அவனைக் கவுத்துச்சு? அவனே சொல்லுதான், பழைய பாடம்தான்னு.

புரட்டாசி, ஐப்பசியில விதைக்கப் போற கரிசலை, சித்திரை மழைக்கே நாம கோடை உழவு போட்டுருதோம்லா? மழைத்தண்ணி உள்ள எறங்கும். கோரைக்கெழங்கு வெயில்ல காயும். மண்ணுக்குள்ள கெடக்க புழு மேல வந்து கொக்குக்கு எரையாகும். அதுக்காகச் சித்திரையிலயே எவனாவது விதைப்பானா? ஒங்கம்மா விதைங்கா. ஒங்கப்பன் நெலத்தைத் தரிசாப் போடுங்கான். ரெண்டு பேரும் விவசாயக் குடும்பம்னு வெளியில சொல்லிராத.

இங்கிலீசுப் பயமும் ஒண்ணு இருக்குல்லா ஒனக்கு? தமிழ் மீடியத்துல படிச்ச அதே கணக்குப் புஸ்தகத்தை இங்கிலீசுலயும் கவர்மெண்டே போட்டு நெட்டுல சும்மா குடுக்கு. தெரிஞ்ச கணக்கைத் தெரியாத பாசையில தெனம் ஒரு பக்கம் சத்தமா வாசிச்சா நாக்குப் பழகும். ஆனா நீ வாசிக்காத. ஆடு மெரண்டுரும்.

வேற சோலியும் ஒனக்கு எங்க இருக்கு? முதல் பட்டதாரி சான்றிதழுக்கு இ-சேவை மையத்துல ஒங்கப்பன் நின்னான். வருமானச் சான்றிதழுக்கு ஒங்கம்மா நின்னா. ஆதார்ல இனிஷியல் முன்னாடி, மார்க் சீட்டுல பின்னாடின்னு அதுக்கு அலைஞ்சது நான். காலேஜுக்காவது நீ போவியா, இல்ல அதுக்கும் எங்கள்ல ஒரு ஆளு போகணுமா? பேங்குல ஒரு சலான் பூர்த்தி பண்ண, கவுன்டர்ல நின்னு கூச்சமில்லாமக் கேக்க, ஒந் துணிய நீயே தொவைக்க, இதுக்கெல்லாம் எந்தப் பிரிட்ஜ் கோர்சும் கெடையாது. ஆஸ்டல்ல மொத வாரமே பரீட்சை மட்டும் வச்சுருவாக.

சரி, போ. படிக்கவெல்லாம் வேண்டாம், நான் சொன்னா சொன்னதுதான். போகும்போது ஒரே ஒரு சந்தேகம் மட்டும் கேட்டுக்கோ. தகட்டுல 3.7ன்னு போட்டிருக்கான். மோட்டார் மெக்கானிக் என்னடான்னா, லைன்ல இழுக்கது அதைவிடக் கூடங்கான். மிச்சக் கரண்டு எங்கடா போகுதுன்னேன். "அது அப்படித்தான் அண்ணாச்சி"ன்னுட்டு ஸ்பேனரை எடுத்துக்கிட்டுப் போயிட்டான். வார ஞாயித்துக்கெழம திரும்ப வருவான். அவன் முன்னால நீ பதில் சொல்லணும். சொல்லலன்னாலும் குத்தமில்ல, ஒனக்குப் பதிலா அவனையே கவுன்சிலிங்குக்கு அனுப்பிருதேன்.