மெஷின் நின்றால் பழி யார்மேல்? கம்ப்யூட்டர் எம்பிராய்டரியில் பழிவரிசை குறித்து ஓர் ஆய்வு

முகூர்த்த மாதத்தில், ஜாக்கெட் கையில் மயிலுக்குத் தோகை பாதி முளைத்த நிலையில் எம்பிராய்டரி மெஷின் நின்றுவிட்டால், முதலில் பழிக்கு ஆளாவது யார் என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள். மெஷின் ஏன் நின்றது என்பது வேறு கேள்வி. கடைகளில் அது எப்போதும் பிறகுதான் எழும்.

பழிவரிசை பெரும்பாலும் இவ்வாறு அமையும்: கரண்ட், நூல் விற்ற கடைக்காரர், நேற்று மெஷினைத் தொட்ட பையன், எதிர்வீட்டுக்காரியின் கண். ஊசிக்கு இந்த வரிசையில் இடமே இல்லை. சில ரூபாய் ஊசி, பல லட்ச ரூபாய் மெஷினை நிறுத்திவிடும் என்று ஒப்புக்கொள்ள எந்த முதலாளிக்கும் மனம் வராது. ஆனால் ஊசிக்கண்ணில் ஒரு பிசிறு, முனையில் ஒரு சிறு மழுக்கல், ஊசியைச் சற்றே திருப்பி மாட்டிய கை, இவற்றில் ஏதாவது ஒன்று போதும், நூல் அறும். உறையில் 75/11 என்றிருந்தால் ஊசியின் தடிமன் 0.75 மில்லிமீட்டர். அவ்வளவு மெல்லிய ஊசியில் ஜரிகை நூலைக் கோத்து முழு வேகத்தில் ஓட்டிவிட்டு, ‘நூல் மட்டம்’ என்று கடைக்காரரைத் திட்டுவது ஆய்வு நெறிக்குப் புறம்பானது. 90/14 போட்டு, வேகத்தைக் குறைத்துப் பார்த்த பிறகு திட்டலாம்.

அடுத்து, மேல்நூல் கட்சிக்கும் கீழ்நூல் கட்சிக்கும் இடையிலான தீராத வழக்கு. துணிக்கு அடியில் நூல் மொத்தையாகச் சிக்கிக்கொண்டால், சம்பவம் நடந்த இடம் கீழே என்பதால் குற்றவாளி பாபின்தான் என்பர் கீழ்நூல் கட்சியார். உடனே பாபின் கேஸின் திருகை முறுக்கியும் விடுவர். உண்மையில் மேல்நூல் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே உட்காராமல் போயிருக்கும். இழுத்துப் பிடிக்க ஆளில்லாமல் நூல் அத்தனையும் கீழே இறங்கியிருக்கும். கீழ்க்கண்ட குற்றத்துக்கு மேற்சென்று காரணம் தேடுக என்மனார் மெக்கானிக்குகள். இரு கட்சியும் ஏற்கும் சோதனை ஒன்று உண்டு. பட்டையாக ஒரு சாட்டின் கோடு தைத்துத் துணியைப் புரட்டினால், நடுவில் மூன்றில் ஒரு பங்கு பாபின் நூலும், இரு ஓரங்களிலும் மேல்நூலும் தெரிய வேண்டும். தெரிந்தால் யாரும் எந்தத் திருகையும் தொடக்கூடாது. இந்த இரண்டாம் பகுதியைக் கடைப்பிடித்தவரை இவ்வாய்வாளன் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான்.

வரலாற்று நோக்கில் இவ்வழக்கு பிற்காலத்தது. 1828இல் முல்ஹவுஸ் நகரில் ஜோசுவா ஹைல்மன் உருவாக்கிய பூத்தையல் மெஷினில் கீழ்நூலே கிடையாது. இரு முனையும் கூராய், நடுவில் கண் உள்ள ஊசிகள் துணியைத் துளைத்து அப்பாலும் இப்பாலும் போய்வந்தன. 1863இல் சுவிட்சர்லாந்தின் ஐசக் கிரோப்ளி ஊசிக்குத் துணையாக ஓர் ஓடத்தில் இரண்டாவது நூலைச் சேர்த்தார். அன்றிலிருந்து பழியைத் தள்ளிவிட ஓர் இடம் கிடைத்தது.

எண்ணெய் விஷயத்தில், மறந்தே போனவர்கள் ஒருபுறம், மெஷினுக்குத் தீபாவளிக் குளியல் நடத்துவோர் மறுபுறம். சுழலும் ஹூக் ஒரு தையலுக்கு இரண்டு சுற்று சுற்றும். நிமிடத்துக்கு 800 தையல் என்றால் 1,600 சுற்று. அத்தனைக்கும் அது கேட்பது, தினமும் ஓடும் கடை மெஷினில், நாளுக்கு ஒரு சொட்டு மெஷின் ஆயில்தான். அதிகமானால் மணப்பெண் ஜாக்கெட்டில் தெரியும். எண்ணெயே விடாதே என்று கையேட்டில் அச்சிட்ட வீட்டு மெஷின்களும் உண்டு. கையேட்டின் பிளாஸ்டிக் உறையைப் பிரித்தவர்களுக்கு இது தெரியும். தேங்காய் எண்ணெய் விடுவோரைத் தனிக் குழுவாகவே கொள்ள வேண்டும். அது நாளடைவில் பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துக்கொள்ளும். தவிர, சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும். மார்கழிக் காலையில் தலைக்கு வைக்கவே வெயிலில் உருக்க வேண்டியதை, ஏசி அறை மெஷினுக்குள் ஊற்றும் துணிவு வியப்புக்குரியது.

துடைப்பது பற்றிச் சொல்ல அதிகமில்லை. பல கடைகளில் அது ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் நடக்கிறது. மறுநாளே சந்தனமும் குங்குமமும் ஏறிவிடுகின்றன. ஹூக் பகுதியில் சேரும் பஞ்சைப் பிரஷ்ஷால் வெளியே இழுக்க வேண்டும். வாயால் ஊதினால் இன்னும் உள்ளே போகும். பாபின் கேஸின் தகட்டு ஸ்பிரிங்குக்கு அடியில் ஒளிந்திருக்கும் தூசிக்கு ஒரு விசிட்டிங் கார்டின் மூலை போதும். அந்த நேரத்தில் கைக்கெட்டுவது பெரும்பாலும் மெக்கானிக்கின் கார்டுதான். அதை இவ்வாறு பயன்படுத்தியவர்கள் அதிலுள்ள எண்ணை அதிகம் அழைப்பதில்லை.