பாட்டி படம் போட்ட அரிசி

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் அடுக்குமாடி வீடு வாங்கிக் குடிவந்து, வாழ்க்கையில் முதன்முறையாக அடுப்பு பற்றவைக்கும் இளசுகளுக்கு ‘நம் மண்ணின் விளைச்சல்’ விற்கக் கிளம்பியிருக்கும் வியாபாரிகளே, உங்களுக்கு என்னால் ஆன சில யோசனைகள். காசு வேண்டாம்.

முதலில் பாக்கெட். பழுப்புக் காகிதம், மேலே ஒரு பாட்டி. முகத்தில் சுருக்கம் கட்டாயம். காதில் தண்டட்டி தொங்கினால் அரைக் கிலோவுக்கு இன்னும் இருபது ரூபாய் கேட்கலாம். அது தெற்கத்தி நகையாயிற்றே என்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் எவனும் கேட்கப்போவதில்லை. பின்பக்கம் ஏழு தலைமுறைக் கதை. ஒன்றை மட்டும் மறந்தும் அச்சடித்துவிடாதீர்கள்: எவ்வளவு நேரம் ஊறவேண்டும், எத்தனை தம்ளர் தண்ணீர். கருப்புக் கவுனியை முதல் நாள் ராத்திரியே ஊறப்போட வேண்டும் என்று தெரியாத பையன் அப்படியே குக்கரில் ஏற்றி, நாலு விசில் கழித்துச் சரளைக்கல்லை மெல்லுவான். பாரம்பரியம் என்றால் பல்வலிதான் போலிருக்கிறது என்று தன்னையே நொந்துகொண்டு, மறுநாள் ஆன்லைனில் பிரியாணி வரவழைப்பான். உங்களுக்கு என்ன, விற்றாயிற்று.

அடுத்து விலை. 2025-26 பருவத்தில் அரசு கொள்முதல் நிலையத்தில் சாதாரண நெல்லுக்கு, மாநில ஊக்கத்தொகையும் சேர்த்து, குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். கிலோ இருபத்தைந்து. அதை வாங்கவும் சம்சாரி நெல்லைக் களத்தில் கொட்டிவிட்டு, தார்ப்பாயும் கையுமாக வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கவேண்டும். பாரம்பரிய நெல்லுக்கு மகசூல் குறைவு, விலை கூடத்தான் வேண்டும், அதில் எனக்குச் சண்டையில்லை. கூடின பணம் வயலுக்குப் போகிறதா, பாட்டியை வரைந்தவனுக்குப் போகிறதா என்பதை மட்டும் பாக்கெட்டில் போடுங்கள் பார்ப்போம்.

‘உள்ளூர்’ என்று வேறு எழுதுகிறீர்கள். எந்த உள்ளூர் சாமி? 1996-ல் ஹூண்டாய் வந்ததிலிருந்து இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் வடகால் என்று ஏரிப் பாசனத்து ஊர்கள் ஒவ்வொன்றாக சிப்காட் தொழிற்பேட்டை வரைபடத்துக்குள் போயின. மிச்சமிருப்பதில் பரந்தூர் விமான நிலையத்துக்கு 5,000 ஏக்கருக்கு மேல் கேட்கிறார்கள். 2022-லிருந்து அதில் நிலம் போகும் ஏகனாபுரத்துக்காரர்கள் ‘விளைகிற நிலம் ஐயா’ என்று கத்திக் கத்தித் தொண்டை வற்றிப்போனார்கள். அந்தப் போராட்டத்தையும் பாக்கெட்டில் ஒரு படமாகப் போடலாம். மண்வாசனை தூக்கும்!

இனி வாடிக்கையாளர். வீட்டைவிட்டு வந்து புதிதாகச் சோற்றுக்கு வழி தேடும் இளம்பெண்கள் இதே ஒரகடம் பக்கம் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஆலை ஷிப்டு பஸ்ஸில் தூங்கி வழிந்துகொண்டு போகிறார்களே, அவர்கள்தான். பலரும் விவசாயக் கூலிக் குடும்பத்துப் பிள்ளைகள். சமைக்கவும் தெரியும், தண்ணீர் அளவும் தெரியும். அடுப்புதான் கிடையாது. ஹாஸ்டல் அறையில் அடுப்பு மூட்டினால் பெட்டியைத் தூக்கி வெளியே வைத்துவிடுவார்கள்.

2021 டிசம்பரில் சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பூட்டிக்கொண்டிருந்த பெண்களுக்கு ஹாஸ்டல் சாப்பாடு என்ன செய்தது என்று நினைவிருக்கிறதா? 250 பேருக்கு மேல் வாந்தி, பேதி. 159 பேர் ஆஸ்பத்திரியில். அதிகாரிகள் அந்தச் சமையற்கட்டில் கண்டது எலியும் சாக்கடை வசதியின்மையும். பெண்கள் பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். போலீஸ் 67 பெண்களைப் பிடித்துக்கொண்டு போனது. எலியைப் பிடித்ததாகச் செய்தி இல்லை. ஆலையை மூடி, ஆப்பிள் கண்ணை உருட்டியபின் ஜனவரியில் திறந்தார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாயில் 18,720 படுக்கைகளோடு அரசு விடுதி கட்டித் திறந்தது. வேண்டிய காரியம்தான். அதற்கு முன்னால் இத்தனை பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருள வேண்டியிருந்தது.

இந்தப் பக்கம் தினம் மூன்று வேளையும் பசிக்கிற வயிறுகளுக்குப் பஞ்சமில்லை. விளம்பரம் வேண்டாம், கதை வேண்டாம், உண்மையில் இதைவிடப் பெரிய சந்தை உங்களுக்கு எங்கே கிடைக்கும்? நீங்களும் ஹாஸ்டல் மெஸ் வாசல்வரை வந்தீர்கள். ஒரு சாப்பாட்டுக்கு என்ன தருவீர்கள் என்று மெஸ் நடத்தும் ஏஜென்சிக்காரரிடம் கேட்டீர்கள். அவர் சொன்ன தொகையைக் காதில் வாங்கிக்கொண்டு, வண்டியை அடுக்குமாடி பக்கம் திருப்பிவிட்டீர்கள்.