குழாய் மரம்

(கோவளம் கடற்கரை. மத்தியானக் கடல்காற்று எழுந்துவிட்டது. படகு நிழலில் பெரியவர், கிழிந்த வலையைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துப் பின்னுகிறார். பக்கத்தில் சென்னையிலிருந்து வந்த கலாரசிகர். மனு எழுதாமல் எதையும் ரசிக்கத் தெரியாதவர்.)

ரசிகர்: ஐயா, இங்கிலாந்துல பர்ன்லினு ஒரு ஊர். குன்று மேல 2006லயே ஒரு சிற்பம் வெச்சிட்டாங்க. மரம் மாதிரி, 3 மீட்டர் உயரம், முழுக்க இரும்புக் குழாய். காத்தடிச்சா பாடும்!

பெரியவர்: குழாய்க்கு யாரு பாட்டு சொல்லிக் குடுத்தது?

ரசிகர்: காலி சோடா பாட்டில் வாய்ல ஊதினா 'பூம்'னு வருதில்ல? அதேதான். நீளக் குழாய்னா கனத்த சத்தம், குட்டைனா கீச்சு.

பெரியவர்: அத்தினி குழாயும் பாடுமா?

ரசிகர்: சிலதுதான் பாடும். மத்ததெல்லாம் அழகுக்கும் முட்டுக் குடுக்கவும்.

பெரியவர்: ஊர்க் கமிட்டினு சொல்லு.

ரசிகர்: சுத்தமான கடற்கரைனு 2021ல நீலக்கொடிச் சான்று வாங்கின இடம் இது. இசை மட்டுந்தான் பாக்கி. இங்கயும் ஒரு குழாய் மரம் வேணும்னு மனு எழுதிட்டேன்.

பெரியவர்: எந்தப் பக்கம் பாத்து வைப்ப? ஐப்பசில வாடை வடக்கேருந்து வரும். கோடையில தெக்கத்திக் காத்து. ஒரு பக்கம் பாத்து வெச்சா பாதி வருசம் ஊமை.

ரசிகர்: மௌனமும் இசைதாங்க.

பெரியவர்: என் போட் எஞ்சினும் நடுக்கடல்ல மௌனமாவுது. மெக்கானிக்கு அத இசைனு ஒத்துக்க மாட்டேங்கறான். உப்புக்காத்துக்கு இரும்பு தாங்குமா?

ரசிகர்: துத்தநாகம் பூசினது!

பெரியவர்: இந்த நங்கூரத்தையும் அப்படிச் சொல்லித்தான் வித்தான். (தடவுகிறார். துரு பொருக்குப் பொருக்காக உள்ளங்கையில் உதிர்கிறது.)

ரசிகர்: இடம்கூடப் பாத்தாச்சு. அந்தா, சவுக்குத் தோப்பு. நாலு மரத்த வெட்டினா போதும்.

பெரியவர்: அது என்ன பண்ணுதுனு காது குடுத்தியா? சவுக்குக்கு இலைனு பேருக்குத்தான். எல்லாம் ஊசி ஊசியா குச்சி. காத்து அதுல பூந்து வரச்சொல்ல 'உஸ்ஸ்'னு ஒரு இழுப்பு இழுக்கும். படுத்துக்கிட்டே கேட்டு, விடியல்ல கடலுக்குப் போலாமா வேணாமானு முடிவு பண்ணுவோம்.

(இருவரும் கேட்கிறார்கள். அரை நிமிடம் இருக்கும். ரசிகருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.)

ரசிகர்: அற்புதம்! இதைப் பதிவு பண்ணி மனுவோட இணைக்கறேன். இந்த இடத்துல இசைக்கு எவ்வளவு தேவை இருக்குனு அதிகாரிங்களுக்குப் புரியணும்.

(போனை நீட்டிப் பதிவுசெய்கிறார். போட்டுக் காட்டுகிறார். போன், 'புர்ர்ர்ர்ர்'.)

பெரியவர்: தம்பி, இதுல பாடறது எந்தக் குழாய்?